கறியிலும் ரோட்டுக்கடைச் சாப்பாட்டிலும் கிருமி: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது மாணவி ஒருவர் இறந்துபோனார். அதே கடையில் சாப்பிட்ட நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். உணவில் நுண்ணுயிர்ப் பரிசோதனை செய்யும் எங்களைப் போன்றவர்களை எங்கே பார்த்தாலும், கல்யாண வீட்டில்கூட, இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கெட்டுப்போன கறின்னா வாடை வந்துருமுங்களே, மோந்து பார்த்தால் போதாதுங்களா?

போதாது. கறியில் வரும் புளித்த வாடை, பிசுபிசுப்பு, பச்சையாகப் படர்வது எல்லாம் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களின் வேலை. அவை கறியைக் கெடுப்பவை. அவையும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கோடி என்ற அளவுக்குப் பெருகிய பிறகுதான் வாடை நம் மூக்குக்கு எட்டும்.

ஆளைப் படுக்கவைக்கும் சால்மொனெல்லா, காம்பைலோபாக்டர், ஷிகெல்லா போன்றவை பெரும்பாலும் வாடையையோ நிறத்தையோ ருசியையோ மாற்றுவதில்லை. ஷிகெல்லாவில் 10 முதல் 100 செல்கள் வயிற்றுக்குள் போனாலே நோய் வரலாம். அந்த எண்ணிக்கையை எந்த மூக்கும் கண்டுபிடிக்காது. அதனால் வாடை வந்தால் கறியைத் தூக்கிப் போடுங்கள், அதில் சந்தேகமே வேண்டாம். வாடை வரவில்லை என்பதை மட்டும் நல்ல கறி என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் லேபில் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் இரண்டு விதமான கேள்விகள் உண்டு. ஒன்று, மொத்தம் எவ்வளவு பாக்டீரியா இருக்கிறது? இன்னொன்று, குறிப்பிட்ட இந்தக் கிருமி இருக்கிறதா இல்லையா? இரண்டுக்கும் வழி வேறு.

எண்ணுவதற்கு, கறியை எடைபோட்டு, கிருமிநீக்கிய திரவத்தோடு ஒரு பையில் போட்டு இயந்திரத்தில் நசுக்குவோம். அந்தத் திரவத்தில் ஒரு மில்லியை எடுத்து ஒன்பது மில்லியில் கலப்போம். அதிலிருந்து ஒரு மில்லி, மறுபடி ஒன்பது மில்லியில். இப்படி ஒவ்வொரு படியிலும் பத்து மடங்கு நீர்த்துக்கொண்டே போய், அகர் (பாக்டீரியா வளரத் தீனி கலந்த, ஜெல்லி போன்ற பொருள்) ஊற்றிய தட்டில் விட்டு, 30 டிகிரியில் 72 மணி நேரம் வைப்போம். ஒவ்வொரு பாக்டீரியாவும் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக வளரும். பத்தாயிரம் மடங்கு நீர்த்த தட்டில் 120 புள்ளி வந்தால், கிராமுக்கு 12 லட்சம் என்று கணக்கு. தட்டில் புள்ளிகள் முந்நூறைத் தாண்டிவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எண்ண முடியாது. அதற்காகத்தான் இத்தனை படிகள்.

சால்மொனெல்லாவைத் தேடுவது இன்னும் பொறுமையான வேலை. 25 கிராம் எடுத்து 225 மில்லி பெப்டோன் நீரில் (பாக்டீரியாவுக்குத் தீனியான புரதம் கலந்த தண்ணீர்) 37 டிகிரியில் ஓர் இரவு வைப்போம். ஃப்ரீசரிலோ சூட்டிலோ அடிபட்டு அரை உயிராக இருக்கும் செல்கள் அதில் தேறி எழும். மறுநாள், மற்ற பாக்டீரியாக்களை அடக்கி சால்மொனெல்லாவை மட்டும் வளரவிடும் திரவத்துக்கு மாற்றி 41.5 டிகிரியில் வைப்போம். அதற்கடுத்த நாள், சால்மொனெல்லாவை நிறத்தால் பிரித்துக் காட்டும் எக்ஸ்.எல்.டி. அகர் தட்டில் இழுப்போம். சிவப்புத் தட்டில் நடுப்பகுதி கறுத்த புள்ளிகள் வந்தால் சந்தேகம் பலமாகிறது. முடிவு அப்போதும் கிடையாது. புரோட்டியஸ் என்ற வேறொரு பாக்டீரியாவும் சில நேரம் அதே மாதிரி வேடம் போடும். உயிர்வேதியியல் சோதனைகளும் சீரம் சோதனையும் செய்த பிறகுதான் கையெழுத்துப் போடுவோம். மொத்தத்தில் நான்கைந்து நாள் ஆகிவிடும்.

மற்றவற்றுக்கும் அப்படி அப்படித் தனித்தட்டுகள் உண்டு. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், முட்டை மஞ்சள் கலந்த பேர்ட்-பார்க்கர் தட்டில் கன்னங்கரேலென்று, சுற்றிலும் தெளிந்த வளையத்தோடு வரும். ஈ.கோலி, ஈ.எம்.பி. தட்டில் பச்சை உலோகம்போல மினுங்கும். ஈ.கோலியைத் தேடுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அது குடலில் வாழ்வது. அதன் பெரும்பாலான வகைகள் நோய் தருவதில்லை. ஆனால் சமைத்த உணவில் அது இருந்தால் மலம் பட்ட கையோ தண்ணீரோ எங்கேயோ நுழைந்திருக்கிறது என்று அர்த்தம்.

நான்கைந்து நாளா? உடனே காட்டும் கருவி எதுவும் இல்லையா?

பி.சி.ஆர். இருக்கிறது. கொரோனா காலத்தில் எல்லாருக்கும் பழகிய பெயர். சால்மொனெல்லாவுக்கு இன்வ்-ஏ என்ற மரபணுவைத் தேடுவார்கள். இயந்திரத்தின் வேலை சில மணி நேரம்தான். ஆனால் 25 கிராம் கறியில் நாலைந்து செல்தான் இருக்கிறது என்றால், இயந்திரத்துக்குள் வைக்கும் ஒரு சொட்டில் அது அகப்படாது. அதனால் இதற்கும் முதலில் ஓர் இரவு வளர்க்கத்தான் வேண்டும். செத்த பாக்டீரியாவின் மரபணுவையும் பி.சி.ஆர். பிடித்துவிடும் என்பதால், நேர்மறை வந்தால் பழைய முறையில் வளர்த்து உறுதி செய்வது வழக்கம்.

கர்ப்பப் பரிசோதனை அட்டை மாதிரி கோடு காட்டும் அட்டைகளும் உண்டு. அவற்றுக்கும் வளர்த்த திரவம் வேண்டும்.

உடனே சொல்லும் ஒன்று ஏ.டி.பி. கருவி. ஏ.டி.பி. என்பது எல்லா உயிர் செல்களிலும் இருக்கும் ஆற்றல் தரும் பொருள். கத்தியையோ வெட்டுக்கட்டையையோ பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கருவிக்குள் விட்டால், சில விநாடிகளில் எண் காட்டும். மின்மினிப் பூச்சியின் ஒளியை உண்டாக்கும் அதே நொதிதான் அதில் இருக்கிறது. கறித்துணுக்கு ஒட்டியிருந்தாலும் எண் ஏறும். சுத்தமாகக் கழுவியிருக்கிறதா என்று பார்க்க அருமையான கருவி, எந்தக் கிருமி என்று அது சொல்லாது.

வீட்டிலேயே சோதிக்க ஏதாவது கிட் வாங்கலாமா?

கறிக்கு என்று வீட்டில் நம்பிச் செய்யக்கூடியது எதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். கிருமியை வளர்க்கும் தட்டை அடுப்படியில் வைப்பதே ஆபத்து. அயோடின் சொட்டு விட்டு மாவுக் கலப்படம் பார்ப்பது போன்ற வீட்டுச் சோதனைகள் கலப்படத்துக்குத்தான். பாக்டீரியாவை அவை காட்டாது. முட்டையைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பதும் அப்படியே. மிதந்தால் பழைய முட்டை, அவ்வளவுதான். அடியில் தங்கும் புது முட்டையின் ஓட்டிலும் சால்மொனெல்லா இருக்கலாம்.

தண்ணீருக்கு மட்டும் ஒன்று உண்டு. ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி என்பார்கள், ஊராட்சிகளில் குடிநீர் பார்க்கப் பயன்படுத்துவது. குறியிட்ட அளவுக்குத் தண்ணீர் ஊற்றி மூடி, அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக் கிருமி கலந்த தண்ணீராக இருந்தால் பெரும்பாலும் கறுத்துவிடும். சட்னியும் பானிபூரித் தண்ணீரும் விற்பவர்கள், தாங்கள் பிடிக்கும் போர்வெல் அல்லது லாரித் தண்ணீரை இதில் பார்ப்பது மிக நல்லது. புளியும் எலுமிச்சையும் கலந்த பிறகு அதைக் குப்பியில் ஊற்றினால் சரியான பதில் வராது.

கறிக்கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

கறியைப் பார்ப்பதைவிடக் கடையைப் பாருங்கள். வெட்டுக்கட்டையில் ஆழமான வெடிப்புகள் இருக்கிறதா? குடலைச் சுத்தம் செய்த அதே கத்திதான் தொடைக்கறிக்கும் வருகிறதா? பணம் வாங்கிய கை அப்படியே கறிக்குப் போகிறதா? கோழிக்கடையில், உரித்த கோழிகளையெல்லாம் ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்களா? இந்தக் கடைசிப் பழக்கம்தான் எனக்கு மிகவும் பயம். ஒரு கோழியின் குடலில் இருந்தது அந்த வாளி வழியாக அன்றைய கோழிகள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்கிறது. பல்லடம் பண்ணையில் எவ்வளவு கவனமாக வளர்த்திருந்தாலும் இந்த ஒரு வாளி அதைக் கெடுத்துவிடும்.

அப்புறம் நேரம். நம் ஊரில் அன்று அறுத்த கறியை அன்றே சமைக்கிறோம். இது நல்ல பழக்கம்தான், சீக்கிரம் சமைத்தால். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாங்கி ஒன்பதுக்குள் அடுப்பில் ஏற்றுகிறவர் பாதுகாப்பாக இருக்கிறார். வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு, உழவர் சந்தை, மளிகைக் கடை, சொந்தக்காரர் வீடு என்று சுற்றிவிட்டு மதியம் வருகிறவர் அப்படி இல்லை. சித்திரை வெயிலில் ஈ.கோலி போன்றவை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடும். அந்த வேகத்தில் 100 செல்கள் நான்கு மணி நேரத்தில் 4 லட்சத்தைத் தாண்டிவிடும். கறியைக் கடைசியாக வாங்குங்கள்.

மஞ்சள்தூள் போட்டுக் கழுவினால் கிருமி போய்விடும் இல்லையா?

போகாது. மஞ்சளுக்குக் கிருமியை ஓரளவு தடுக்கும் குணம் உண்டு. ஆனால் இரண்டு நிமிடக் கழுவலில் அது சால்மொனெல்லாவைக் கொல்லாது. குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக் கோழியைக் கழுவும்போது, பக்கத்தில் வைத்த தட்டிலும் தக்காளியிலும் கிருமி தெறிக்கிறது. கழுவாமல் சமையுங்கள் என்று எங்கள் வீட்டில்கூட நான் சொல்லி ஜெயிக்க முடியாது. அதனால் இப்படிச் சொல்கிறேன்: குழாய்க்கு அடியில் வேண்டாம், ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து மெதுவாக அலசுங்கள். முடிந்ததும் தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கோழி வெட்டிய அரிவாள்மனையில் அப்படியே வெங்காயம் அரியாதீர்கள்.

ரத்தப் பொரியல், குடல் கறி, கைமா இதெல்லாம் சாப்பிடலாமா?

நன்றாக வேகவைத்தால் தாராளமாக. ரத்தம் பாக்டீரியாவுக்கு மிகப் பிடித்த தீனி, அதனால் அறுத்தவுடன் பிடித்ததை அன்று காலையே சமைக்க வேண்டும். கைமாவுக்குத் தனிக் கவனம் வேண்டும். முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், சூடு பட்டதும் சாகும். கொத்திவிட்டால் மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. கோலா உருண்டை வெளியே முறுகலாகவும் உள்ளே அரைவேக்காடாகவும் இருந்தால், சாகாத கிருமி உள்ளேதான் இருக்கும்.

கோயம்புத்தூர் காளான், சேலம் தட்டுவடை செட், பள்ளிபாளையம் சிக்கன், ஷவர்மா: இதில் எது ஆபத்து?

பெயரை வைத்துச் சொல்ல முடியாது, செய்முறையை வைத்துச் சொல்லலாம்.

தள்ளுவண்டிக் காளான் எண்ணெயில் பொரிந்து, பிறகு கல்லில் மசாலாவோடு கொதித்துக்கொண்டே இருக்கிறது. கொதி அடங்காத வரைக்கும் அதற்குள் எதுவும் வளராது. கவலை எல்லாம் மேலே தூவும் பச்சை வெங்காயத்திலும் கொத்தமல்லியிலும்தான். சாயங்காலம் நான்கு மணிக்கு நறுக்கி டப்பாவில் வைத்ததை இரவு பத்து மணிக்குத் தூவுகிறார்களா என்று பாருங்கள். அப்படியென்றால் வெங்காயம் போடாமல் கேட்டு வாங்குங்கள்.

தட்டுவடை செட்டில் தட்டுவடை காய்ந்தது, அதில் பாக்டீரியா வளர ஈரமே இல்லை. ஆனால் நடுவில் வைக்கும் கேரட், பீட்ரூட், வெங்காயம், சட்னி எதற்கும் அடுப்பைக் கடக்கும் வேலை கிடையாது. அடுக்குவது கை. ஆகவே அங்கே எல்லாமே தண்ணீரையும் கையையும் பொறுத்தது. விற்பவரின் விரலில் புண்ணோ கட்டோ இருந்தால் வாங்க வேண்டாம். புண்ணிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூட்டில் அழியாத நஞ்சை உணவில் உண்டாக்கக்கூடியது.

பள்ளிபாளையம் சிக்கன் எலும்பில்லாத சின்னத் துண்டுகள், தேங்காய்ச் சில்லும் மிளகாயும் சேர்த்துச் சுண்ட வறுப்பது. சீக்கிரமே உள்வரை வெந்துவிடும். சுடச்சுட இலைக்கு வந்தால் எனக்கு அதில் பயமில்லை.

ஷவர்மாதான் உண்மையில் கடினமான பண்டம். கம்பியில் அடுக்கிய கறிக்குவியலில் வெளிப்பக்கம் வேகும்போது உட்பக்கம் பச்சையாக, வெதுவெதுப்பாக இருக்கிறது. கூட்டம் அதிகமானால் வேகாத அடுக்கும் சேர்ந்து சீவப்படுகிறது. கூட்டம் இல்லாவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி பற்றவைக்கிறார்கள், அந்த இடைவெளியில் உள்ளே கிருமி பெருகும். மீந்ததை மறுநாள் கம்பியில் சேர்ப்பது எல்லாவற்றையும்விட மோசம். சீவிய கறியை மறுபடி கல்லில் போட்டு வாட்டிக் கொடுக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள். கோழியின் நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட வேண்டும். நிறம் வெளுத்துவிட்டது என்பது அதற்குச் சான்று ஆகாது.

மயோனைஸ் தடை செய்தார்களே, அது எதற்கு?

பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. முட்டையில் இருக்கும் சால்மொனெல்லா அதில் அடுப்பைப் பார்ப்பதே இல்லை, கடையில் மணிக்கணக்காக வெளியில் இருக்கிறது. நாமக்கல் முட்டை நல்லதா கெட்டதா என்பதல்ல விஷயம். அதே முட்டையை ஆம்லெட்டாக நன்றாகப் போட்டால் பிரச்சினை இல்லை.

நோம்பிக்கு ஆக்கின கிடா விருந்துக் குழம்பு மறுநாள் இன்னும் ருசி. சாப்பிடலாமுங்களா?

ருசி உண்மைதான். ஆனால் பெரிய அண்டாவில் மீந்த குழம்பை அப்படியே மூடிவைத்தால், நடுப்பகுதி ஆற இரவெல்லாம் ஆகும். கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. அதன் விதைபோன்ற உறைகள் கொதியிலும் சாகாமல் தங்கி, குழம்பு ஆறும்போது முளைத்து, காற்றில்லாத அடியில் மளமளவென்று பெருகும். காலையில் அரைகுறையாகச் சூடுபடுத்திச் சாப்பிட்டவர்களுக்கு, மதியத்திலிருந்து இரவுக்குள் வயிற்றுவலியும் பேதியும் ஆரம்பிக்கும்.

சமைத்தது 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தோ இருக்க வேண்டும். இடையில் இருக்கும் நேரம்தான் கிருமியின் நேரம். மீந்ததை அன்றே அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் தளதளவென்று கொதிக்கவிடுங்கள்.

வெளியிலேயே கிடந்த சோற்றையோ கறியையோ கொதிக்கவைத்துச் சரிசெய்ய முடியாது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸின் நஞ்சும், சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸின் வாந்தி நஞ்சும் கொதித்தாலும் அழியாதவை. பாக்டீரியா செத்திருக்கும், நஞ்சு அப்படியே இருக்கும்.

ஏனுங்க, நேத்து ராத்திரி கடையில சாப்பிட்டேன், இன்னிக்கு வயித்தால போகுது. அந்தக் கடைதானுங்களே காரணம்?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்தில் வாந்தி தொடங்கினால் பெரும்பாலும் உணவிலேயே உருவாகியிருந்த நஞ்சு. சால்மொனெல்லா ஆறு மணி நேரத்திலும் வரும், மூன்று நாள் கழித்தும் வரும், காய்ச்சலோடு. ஷிகெல்லாவுக்கு ஒன்றிரண்டு நாள். காம்பைலோபாக்டருக்கு இரண்டு முதல் ஐந்து நாள். கடைசியாகச் சாப்பிட்ட கடை மேல் எல்லாரும் பழி போடுகிறோம், குற்றவாளி மூன்று நாள் முந்தைய வீட்டுக் கோழியாகக்கூட இருக்கலாம். அதனால் மூன்று நான்கு நாள் சாப்பிட்டதையெல்லாம் எழுதுங்கள். உங்களோடு அதையே சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆனது என்றும் கேளுங்கள்.

மலத்தில் ரத்தம், கடுங்காய்ச்சல், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, சிறுநீர் குறைவது, இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயதானவர்களுக்கும் காத்திருக்கவே வேண்டாம். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்துக்கொண்டே கிளம்புங்கள். ஆன்டிபயாட்டிக் போடுமுன் மலப் பரிசோதனைக்கு எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து உள்ளே போய்விட்டால் கிருமி தட்டில் வளராமல் போகலாம்.

எங்கே புகார் செய்வது? மீந்த சாப்பாட்டைச் சோதிக்க முடியுமா?

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. மாவட்டத்தில் அந்தத் துறைக்குப் பொறுப்பான நியமன அலுவலரிடமும் நேரில் சொல்லலாம். கொங்குப் பக்கம் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் கோவையிலும் சேலத்திலும் இருக்கின்றன. அதிகாரி எடுத்துச் செல்லும் மாதிரிக்குப் பகுப்பாய்வாளர் 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தில் இருக்கிறது. வாங்கியவரே கட்டணம் கட்டிச் சோதிக்கக் கேட்கவும் அதன் 40-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைத் தெரிவித்திருக்க வேண்டும்.

வீட்டில் மீந்த பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். சுத்தமான பையில் கட்டி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறையவிட வேண்டாம். சில கிருமிகள் உறைந்தால் செத்துப்போகும், லேபில் ஒன்றும் வராது. ஐஸ் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் கொண்டுவாருங்கள். ஒரு நாள் முழுக்க டேபிளில் கிடந்த பொட்டலத்தில் எவ்வளவு பாக்டீரியா வந்தாலும், அது கடையிலிருந்து வந்ததா உங்கள் டேபிளில் வளர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. பில்லையும் வைத்திருங்கள். உணவால் இறப்பு ஏற்பட்டால் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று அதே சட்டம் சொல்கிறது, அதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும்.

நான் தள்ளுவண்டி வைத்திருக்கிறேன். லேப் செலவெல்லாம் எனக்குக் கட்டுபடியாகுங்களா?

தினமும் லேபுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யுங்கள். 14 இலக்க எண் கொடுப்பார்கள், அதை வண்டியில் எழுதி வையுங்கள். சில நூறு ரூபாய்க்குக் குத்திப் பார்க்கும் வெப்பமானி கிடைக்கிறது. தினமும் முதல் கோழித் துண்டிலும் கூட்ட நேரத்தில் ஒரு துண்டிலும் குத்திப் பாருங்கள். பச்சைக் கறிக்கு ஓர் இடுக்கி, வெந்ததற்கு இன்னோர் இடுக்கி. கை கழுவக் குழாய் வைத்த ஒரு கேன் தண்ணீரும் சோப்பும். பணம் வாங்க வேறொருவர், ஆள் இல்லையென்றால் கியூஆர் அட்டை போதும். காசைத் தொட வேண்டிய அவசியமே வராது.

வருடத்துக்கு ஓரிரு முறை, வெயில் காலத்தில், உங்கள் சட்னியையும் தண்ணீரையும் மட்டும் என்.ஏ.பி.எல். (லேபுகளின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேபில் ஈ.கோலிக்குக் கொடுத்துப் பாருங்கள். எல்லாச் சோதனையும் கேட்டால்தான் செலவு ஏறும். இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். ஈ.கோலி வந்திருந்தால் முதலில் தண்ணீரை மாற்றி மறுபடி கொடுத்துப் பாருங்கள். அதற்கப்புறமும் வந்தால் அரைக்கிற இடத்தையும் அரைக்கிற கையையும் பார்க்க வேண்டும்.